பாதிப் பை

"பாத்தியா ஸுவாலி? இந்த வாரமும் பாதிப் பைதான்."

தங்மாவி வீட்டு வாசல் ஆணியில் தொங்கிய பிடியரிசிப் பையைக் கழற்றி என் மூக்குக்கு நேராக ஆட்டிக் காட்டினார் ரின்சாங்கி அக்கா.

சனிக்கிழமை மத்தியானம். எங்கள் தெருவில் பிடியரிசி சேகரிக்கிற முறை எங்கள் இரண்டு பேருக்கு. ஒவ்வொரு வேளையும் சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனியாகப் போட வேண்டும். எங்களுக்குச் சோறு இரண்டே வேளை; காலையில் ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி. மிசோரமில் சபைகள் நிமிர்ந்து நிற்பதே எங்கள் பெண்களின் அந்தப் பிடியால்தான் என்று நாங்கள் கொஞ்சம் பெருமையாகவே பேசிக்கொள்வோம்.

"ஆறு மாசமா இதே கதை" என்றார் அக்கா. "புருஷன் லாரியோட பள்ளத்துல போனதுலேர்ந்து இவளுக்கு ஆண்டவர் மேல கோபம். கோயில்ல பாட்டுக்குக்கூட வாயைத் திறக்கறதில்ல. இப்போ அவரோட பங்கையும் பாதியாக்கிட்டா."

"பாவம்கா, சின்ன வயசு."

"எங்க வீட்டுக்காரர் போனப்ப நான் ஒரு பிடி குறைச்சேனா? விசுவாசம் ஆறிப்போனவ கையில பிள்ளைங்களை எப்படி விடறது? அவ எடுக்கற ஞாயிறு பள்ளி வகுப்பை வேற யாருக்காவது கொடுத்துடலாம்னு நாளைக்குக் கமிட்டியில சொல்லப்போறேன்."

வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் தங்மாவி முகத்தில் கொஞ்சம் உயிர் தெரியும். அதையும் பிடுங்கிவிட்டால் அவள் நாலு சுவருக்குள்ளேயே முடங்கிவிடுவாள்.

"இருங்கக்கா, நான் ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறேன்."

"கேளு, கேளு. அதுக்குள்ள நான் மேல் வீட்டை முடிச்சிட்டு வரேன்."

உள்ளே தங்மாவி கடைக்குக் கொடுக்க வெற்றிலையில் பாக்கு மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. "தங்மாவி, ஆண்டவர் மேல கோபமா உனக்கு?"

"கோபம்தான் அக்கா. தினமும் அவர்கிட்டயே சொல்லித் தீத்துக்கறேன். வேற யாருகிட்ட போய்ச் சொல்ல?"

மறுப்பாள் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் தடுமாறித்தான் போனேன்.

"கோபப்பட்டுக்கோ, வேண்டாங்கல. அதுக்காகப் பிடியரிசியைக் குறைக்கலாமா? தெருவே பேசுது."

"குறைக்கலையே. பொங்கற வேளைக்கு ஒரு பிடி. ஒரு வேளைகூட விட்டதில்ல."

"அப்புறம் எப்படிடி பை பாதியாச்சு?"

அவள் கொதிக்கிற தண்ணீரில் டீத்தூளைப் போட்டு, மூடி, மறுபடி திறந்து பார்த்தாள்.

"இப்போ காலையில மட்டும்தான் பொங்கறேன் அக்கா" என்றாள் கடைசியில். "அதுலயே முவானிக்குச் சாயங்காலத்துக்கு எடுத்து மூடி வெச்சிடறேன்."

முவானி அவள் பெண். ஆறு வயசு.

"சரி, உனக்கு?"

"எனக்கு டீ இருக்கே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"பைத்தியக்காரி, எங்ககிட்ட சொல்ல மாட்டியா? சொல்ல வெக்கமா இருந்தா டப்பாலேர்ந்து சேர்த்து அள்ளிப் போட்டிருக்கலாமே, யாருக்குத் தெரியப்போகுது? நாங்க பாதிப் பேரு அப்படித்தான். வேளாவேளைக்குப் பிடி எடுக்க யாருக்கு ஞாபகம் இருக்கு? சனிக்கிழமை காலையில மூட்டையிலேர்ந்து ஒரே அள்ளு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நீங்க ரெண்டு வேளையும் பொங்கறீங்க அக்கா, எப்படிப் போட்டாலும் சரியா இருக்கும்" என்றாள். "நான் பொங்காத வேளைக்குப் பொங்கினேன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? அடுப்பு அவருக்குத் தெரியாததா?"

டீயும் வெல்லக்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். வெல்லக்கட்டி எனக்கு மட்டும். பாதி டீக்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

வெளியே வந்தேன். ரின்சாங்கி அக்கா படியில் காத்துக்கொண்டிருந்தார்.

"என்னடி சொல்றா? ஆண்டவரை விட்டுட்டாளா, இல்லையா? நாளைக்கு நான் பதில் சொல்லணும்."

"ஆண்டவரை விடலக்கா" என்றேன். "சாயங்காலச் சோத்தைத்தான் விட்டிருக்கா."