பூட்டிய வால்வு

எனக்குக் கொடுமை செய்தவர் யார் என்று கேட்டால், முதலில் பைப் வேலை பார்த்த சிறில் பாஸ் பெயரைத்தான் சொல்வேன்.

நோர்வூட் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழே புது வீடுகள் கட்டினார்கள். அதற்காக மலை டேங்கிலிருந்து வரும் பைப்பை வெட்டி, புதிதாக வால்வு வைத்தார்கள். எங்கள் குழாய்க்கும் அதே லைன்தான்.

அன்றைக்குத்தான் என் மனைவி காளியாயி செத்துப்போனாள். குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரும் மழையில் சேறாக ஓடியது.

ஓடிப் போய்ப் பார்த்தால், மேலே மெயின் வால்வில் பூட்டுத் தொங்கியது.

"பாஸ், கொஞ்ச நேரம் தொறந்து விடுங்க. பொணம் கெடக்கு."

"முடியாதுண்ணே. கீழ குழியில ஆள் எறங்கி வால்வு மாட்டுறான். இப்பத் தொறந்தா தண்ணி அவனத் தூக்கி அடிச்சிரும்."

"ஏறி வரச் சொல்லுங்க!"

"மாட்டி முடிச்சிட்டுத்தான் வருவான். சாவியும் அவன்கிட்டதான். குழியில எறங்குறவன்தான் பூட்டுப் போடணும். வந்தாலும் மெல்ல மெல்லத்தான் தொறக்கணும், ஒழுகுதான்னு பாக்கணும்."

பூட்டைப் பிடித்து ஆட்டினேன். வெள்ளைப் பெயிண்டில் இங்கிலீசில் ஏதோ எழுதியிருந்தது.

"செத்தவளுக்கு ஒரு வாளித் தண்ணி குடுக்காத நீயெல்லாம் ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வேற போறியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெகுநேரம் கழித்துத்தான் குழாய் காற்றைக் கக்கி, இருமி, தண்ணீர் விட்டது. அதில்தான் காளியாயியைக் குளிப்பாட்டினார்கள்.

"மகனுக்கு ஆள் அனுப்பவா?" என்று பக்கத்து வீட்டு ராசம்மா கேட்டாள்.

சொல்லாமல் கல்யாணம் கட்டியதற்காக நான் எப்போதோ விரட்டிவிட்டவன்.

"அவன் வாசல மிதிச்சா கால வெட்டுவேன்" என்றேன்.

அதன் பிறகு சிறில் பாஸ் இரண்டு தடவை ஏதோ சொல்ல வந்தார். காறித் துப்பிவிட்டு நடந்தேன்.

போன வாரம் அவரும் செத்துப்போனார். ஊருக்காகப் போய் நின்றேன். அவர் மனைவி பெற்றீசியா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இன்னமுமா கோவம் அண்ணே? அந்தப் பூட்டுல இருந்தது உங்க மகன் பேரு."

"எந்த மகன்?"

"வினோஜன்தான். அந்த மாசம் இவருகிட்ட வேலைக்குச் சேந்திருந்தான். 'வாசலுக்குத்தான் போக முடியாது, அம்மா மேல ஊத்துற தண்ணியாச்சும் என் கையால போகட்டும்'னு குழியில எறங்கிட்டான். சொன்னா அந்தத் தண்ணியத் தொட மாட்டீங்கன்னுதான் இவரு வாயத் தொறக்கல."



மகனிடம் கேட்க எனக்கு நாக்கு எழாது. குழிக்குள் அவன் அழுதானா என்று சிறில் பாஸ்தான் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லாமலே போய்விட்டார்.