டீப்பாய்க்குக் கீழே

"அக்கா, ஒயின் கொட்டிருச்சுக்கா!"

"காலங்காத்தால ஒயினா? ஏண்டி, கல்யாணமாயி ஆறு மாசந்தான ஆவுது? அதுக்குள்ளயா?" சிதம்பரத்தில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த இலக்கியா பதறிப்போனாள்.

"ஐயோ, குடிக்கிற ஒயின் இல்லக்கா. கிறிஸ்துமஸ் ஒயின். அத்தையே ஜாடியில திராட்சை ஊறப்போட்டு செஞ்சது. ஹால் கார்ப்பெட்ல கொட்டிட்டேன். அவுங்க சர்ச்சுலேருந்து வர்றதுக்குள்ள கறை போவணும்!"

அனுப்பிரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இது அவளுக்குப் புகுந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸ்.

மாமியார் ஜெயராணி தங்கமானவள்தான். காதலித்துக் கட்டிய இந்துப் பெண் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய் விபூதியோடு திரும்பினாலும், "வெயில்ல வந்திருக்க, மோர் குடி" என்பாள். ஆனால் அந்தச் சந்தன நிறக் கார்ப்பெட் என்று வந்துவிட்டால் ஆளே வேறு. அதில் செருப்பு படக்கூடாது, பிள்ளைகள் விளையாடக்கூடாது, மூலையில் கிடக்கும் டீப்பாயை நகர்த்தக்கூடாது. தீபாவளிக்கு முன்பு ஒருநாள், "லாண்டரிக்குப் போட்டுடலாமா அத்தை?" என்று அனுப்பிரியா ஆசையாகக் கேட்டுத் தொலைத்தாள். "அத யாரும் தொட வேணாம்!" என்று கத்திய ஜெயராணி அன்று ராத்திரி சாப்பிடக்கூட இல்லை. ஒரு கார்ப்பெட்டுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா என்று அனுப்பிரியா தலையணையை நனைத்தாள்.

இன்று அதே கார்ப்பெட்டில், அதே டீப்பாய் மேல் கண்ணாடி டம்ளர்களை அடுக்கும்போது புடவைத் தலைப்பு பாட்டிலைச் சாய்த்துவிட்டது.

"அழுவாத. இரு, போன மாமாகிட்ட குடுக்கறேன்."

இலக்கியாவின் கணவன் கொளஞ்சியப்பன் டிரை கிளீனிங் கடை வைத்திருப்பவன். கறை என்றால் அவனுக்குக் கரும்பு தின்கிற மாதிரி.

"அனு, தேய்க்காத. வெள்ளைத் துணியால ஒத்தி ஒத்தி எடு. சோடா இருக்கா?"

"பிரியாணிக்கு அப்புறம் குடிக்கன்னு வாங்கி வச்சிருக்கு மாமா."

"அத ஊத்தி ஒத்து. மேல உப்பக் கொட்டு."

போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். டீப்பாயைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். அதன் அடியிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கறை!

"மாமா, அடியிலயும் ஓடிருக்கு!"

சோடா, உப்பு, மறுபடி சோடா. வெளியே கொட்டியது மெல்ல மெல்ல மங்கிப் போனது. டீப்பாய்க்குக் கீழே இருந்தது மட்டும் அசையவில்லை.

"அது போவ மாட்டேங்குது மாமா. காஞ்சுபோன மாதிரி இருக்கு."

"இப்பதான கொட்டுச்சு, அதுக்குள்ள எப்படிக் காயும்?"

"ஃபேன் ஓடுது மாமா, அதனாலயா இருக்கும். வேற ஏதாச்சும் சொல்லுங்க, அவுங்க வந்துருவாங்க!"

"காதுக்கு ஊத்துற நுரை மருந்து இருக்கா பாரு. ஓரத்துல ஒரு சொட்டு விட்டுப் பாத்துக்க. கார்ப்பெட் கலர் போவலன்னா, பாத்திரம் கழுவுற லிக்விடோட கலந்து ஊத்து."

மருந்து டப்பாவில் பாதி பாட்டில் இருந்தது. ஊற்றினாள். நுரை பொங்கியது. ஒத்தினாள், ஊற்றினாள், ஒத்தினாள். சுவரில் மாலை போட்ட படத்துக்குள், அவள் பார்த்தேயிராத கொழுந்தன் சேரன் சிரித்துக்கொண்டிருந்தான். உனக்கென்ன, நீ தப்பித்தாய் என்று அவனிடமும் கொஞ்சம் கோபம் வந்தது.

கடைசியில் பிடிவாதக் கறையும் விட்டது. கறை இருந்த இடம் தெரியவில்லை! டேபிள் ஃபேனை வைத்துக் காயவிட்டு, டீப்பாயைப் பழைய இடத்திலேயே போட்டாள். துணியைத் துளி சிவப்பில்லாமல் சோப்புப் போட்டு அலசிக் கொல்லைக் கொடியில் விரித்தாள். அவள் உள்ளே வரவும் வாசல் கேட் திறக்கவும் சரியாக இருந்தது.

"ஹேப்பி கிறிஸ்துமஸ், அனு!" என்று வந்தான் கணவன் இளவரசு.

ஜெயராணி பைபிளை வைத்துவிட்டு நேராக மூலைக்குப் போனாள். குனிந்து, டீப்பாயை மெல்ல நகர்த்தினாள். கார்ப்பெட்டில் ஒரு புள்ளி இல்லை, எதற்குப் பயம் என்று அனுப்பிரியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஜெயராணி கையை வைத்துத் தடவினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் தடவினாள்.

"இங்க இருந்தது எங்க அனு?"

இனி மறைத்துப் பயனில்லை. "ஒயின் கொட்டிட்டேன் அத்தை. மன்னிச்சுருங்க. ஆனா சுத்தமா எடுத்துட்டேன், அடியில ஓடுனதக்கூட."

ஜெயராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட அனுப்பிரியாவுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இளவரசுதான் பேசினான். "அடியில இருந்தது நீ கொட்டுனது இல்ல அனு. அஞ்சு வருஷத்துக்கு முன்ன, இதே கிறிஸ்துமஸ் அன்னிக்கு சேரன் கொட்டுனது. அம்மா அவன அப்படித் திட்டுனாங்க. மறுநாள் காலையில சில்வர் பீச்சுக்கு கிரிக்கெட் ஆடப் போனான். சுனாமி வந்துருச்சு. உடம்புகூடக் கெடைக்கல."

ஜெயராணி தலையை நிமிர்த்தினாள். குரலில் கோபமே இல்லை.

"தொடச்ச துணியாவது இருக்காம்மா?"

கொல்லைக் கொடியில் அது வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது.