அவனுக்குப் போய்ச் சேருவது

"இன்னும் ரெண்டு வாய் சாப்பிடும்மா."

"தொண்டையில இறங்கலைங்க."

உயிரியல் ஆசிரியரான கணவன், தட்டை மனைவியின் பக்கம் நகர்த்தினான். "முயல் தின்ற புல்லுல பத்துல ஒரு பங்குதான் அது உடம்புல தங்கும். மிச்சமெல்லாம் ஓடவும் மூச்சு விடவுமே சரியாப் போயிடும். முயலைத் தின்ற நரிக்கும் அதே கதிதான். நீ வயித்தைக் காயப்போட்டா அவனுக்கு என்ன போய்ச் சேரும், சொல்லு?"

அவள் விழுங்கினாள். பிறகு உள்ளே போய்ப் பாலெடுத்து, பாட்டிலைக் கணவனிடம் கொடுத்தாள்.

மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகள் பிரிவின் நர்ஸ் அதை வாங்கிக்கொண்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த குழந்தையைக் காட்டி, "இன்னிக்குக் கொஞ்சம் எடை கூடியிருக்கான் சார்" என்றாள்.

"இவங்கம்மா எப்படி இருக்காங்க?"

"இன்னும் கண்ணு முழிக்கல. பெத்த பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்துலயும் அடுத்தவங்க பிள்ளைக்குப் பால் தர்றாங்களே, உங்க வீட்டம்மாவுக்குப் பெரிய மனசு சார்."

அவன் திரும்பி நடந்தான்.

வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள் மனைவி. "குடிச்சானா?"

"குடிச்சான். எடைகூட ஏறியிருக்கு."

மகனை அடக்கம் செய்த அன்றும் அழாதவள், அவன் தோளில் சாய்ந்து உடைந்து அழுதாள்.