இன்னொரு குரல்

“யாருக்கும் தெரியாமப் பதிவு பண்ணது கோர்ட்ல செல்லுங்களா?” என்று கேட்டார் ஆதிமூலம்.

“செல்லும்ங்க. முதல்ல போட்டுக் கேப்போம்,” என்றார் வக்கீல்.

புருஷன் அடித்ததில் செத்துப்போன அவர் மகள் வேதா, கட்டிலுக்கடியில் டேப்ரெக்கார்டரை ஒளித்துவைத்துப் பதிவு செய்த கேசட் அது. அவள் பெட்டியில், அவள் எழுதிவைத்த சீட்டோடு கிடைத்ததுமே ஆதிமூலம் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறிவிட்டார்.

“அடிச்சும் திருந்தலயே,” என்றது டேப்பில் மாப்பிள்ளையின் குரல்.

இன்னொரு ஆள் சிரித்தான். “அவளுக்கு வாய் ஜாஸ்தி. இன்னும் ரெண்டு தட்டுங்க, அடங்கிடுவா.”

ஆதிமூலம் துடித்து எழுந்தார். “எவன் சார் அந்தப் பாவி?”

வக்கீல் டேப்பை நிறுத்தினார்.

“தன் குரலை முதல் தடவை டேப்ல கேட்டா, யாருக்குமே அடையாளம் தெரியாதுங்க.”

ஆதிமூலம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“கோர்ட்ல குடுத்துடுங்க சார். அது நான்தான்னு நானே சாட்சி சொல்றேன்.”