ஒரே ஒரு நீலக் கோடு

ஜன்னல் திரைச்சீலைகளை இழுத்து மூடியும் கூட்ட அறைக்குள் பகல் வெளிச்சம் ஒரு கீற்றாய் நுழைந்து மேசைமேல் கிடக்கிறது. மருத்துவமனைத் தலைவர் நாற்காலியில் சாய்ந்து, திரையை அரைக் கண்ணால் பார்க்கிறார். எந்தப் பிரிவு தன் வரைபடத்தைக் காட்டினாலும் விரலை ஆட்டி, "அடுத்தது" என்கிறார். அடுத்து முதியோர் வார்டின் தலைமை நர்ஸின் முறை. ராத்திரிப் பணிக்குத் தந்த கூடுதல் நர்ஸைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். அதைத் தடுக்க அவளிடம் இருப்பது இந்த ஒரு படம்தான். எக்செல்லிலிருந்து அவள் அப்படியே ஒட்டிவைத்திருந்ததைப் பார்த்து, "என்னக்கா, சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்கு" என்று காலையில்தான் தம்பி சிரித்தான். பிறகு இருவருமாக உட்கார்ந்து கட்டங்களை எடுத்தார்கள், நிழல்களை எடுத்தார்கள், மற்ற வார்டுகளின் கோடுகளையெல்லாம் வெளிறிய சாம்பலாக்கினார்கள். இப்போது திரையில் அவளுடைய வார்டு மட்டும் தடித்த நீலமாக ஓடுகிறது. மேலே பெரிய எழுத்தில், 'கட்டிலிலிருந்து விழுந்த நோயாளிகள்'.

தலைவரின் விரல் எழுகிறது, பாதியில் நிற்கிறது. மூக்கு நுனிக்கு வழுக்கியிருந்த கண்ணாடியை மேலே தள்ளுகிறார்.

"இந்த இடத்துல கோடு சட்டுனு இறங்குதே, ஏம்மா?"

"அந்த மாசந்தான் சார், ராத்திரிக்கு இன்னொரு நர்ஸ் குடுத்தீங்க."

அவருடைய பார்வை நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்குகிறது. காலையிலிருந்து காதுவரை ஏறி நின்ற அவளுடைய தோள்களும் கூடவே இறங்குகின்றன. மடிக்கணினி முன்னால் இருப்பவர் பழக்கத்தில் அடுத்த படத்துக்குப் பொத்தானைத் தேடுகிறார்.

"இருப்பா" என்கிறார் தலைவர். "நான் இன்னும் பாத்து முடிக்கல."