கருங்கல்

மனைவியின் மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டையில் 999919 என்று அச்சடித்திருந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த எண்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு அது மனப்பாடம். ஆபரேஷன் நடந்தபோது வெளியே உட்கார்ந்து, செல்போன் கால்குலேட்டரில் அதை உடைக்கப் பார்த்தான்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அந்தக் கிறுக்கு உண்டு. பெரிய எண் எதைக் கண்டாலும் எந்த எண்களைப் பெருக்கினால் அது வரும் என்று பார்த்தாக வேண்டும். எதாலும் வகுபடாத எண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர் கருங்கல். அவள் மனக்கணக்கிலேயே உடைப்பாள். அவன் கால்குலேட்டரை வைத்துக்கொண்டும் தோற்பான்.

மூன்று, ஏழு, பதினொன்று என்று வகுத்துக்கொண்டே போனான். எதற்கும் மசியவில்லை. தொள்ளாயிரத்தைத் தாண்டியபோது நர்ஸ் கூப்பிட்டார். இதற்கு மேல் எங்கே உடையப்போகிறது, கருங்கல்தான் என்று முடிவு கட்டிவிட்டு எழுந்தான்.

எண் உடையாது என்றால் அவளும் உடைய மாட்டாள். பிடித்துக்கொள்ள அவனுக்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

இப்போது கண் விழித்திருந்தாள். தலை நிறையக் கட்டு.

“இவர் யாருன்னு தெரியுதாம்மா?” என்று டாக்டர் அவனைக் காட்டினார்.

அவன் முடியை ஒதுக்கிக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பவன் மாதிரி நிமிர்ந்து நின்றான்.

அவள் பார்வை அவன்மேல் சற்று நின்றது. பிறகு ஜன்னலுக்குப் போய்விட்டது.

அவன் குனிந்து அவள் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்தான்.

“முடிஞ்சா இத உடை பாப்போம். கருங்கல்லு.”

பட்டையைப் பார்த்தாள். உதடு மெல்ல அசைந்தது.

“பத்து லட்சத்துக்கு எண்பத்தொண்ணு கம்மி.” குரல் காய்ந்திருந்தது. “ஆயிரத்தோட வர்க்கத்துல ஒன்பதோட வர்க்கம் போகுது. அப்ப ஆயிரத்துல ஒன்பதக் கழிச்சா ஒரு எண், கூட்டினா இன்னொரு எண். 991, 1009. பெருக்கிப் பாருங்க.”

பெருக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்னும் கொஞ்சம் வகுத்திருந்தால் அவனே 991-ல் போய் முட்டியிருப்பான். தோற்றுப்போய் இப்படிச் சிரித்தவனை அந்த வார்டு பார்த்திருக்காது. சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்து, “யோவ் மெக்கானிக்கு, இதுகூடத் தெரியலயா?” என்பாள். எப்போதும் அப்படித்தான். காத்திருந்தான்.

“பரவால்ல சார், பாத்தா ஏமாத்துற எண்தான் இது,” என்றாள் மரியாதையாக. “வேற இருந்தா சொல்லுங்க.”

டாக்டர் தரையைப் பார்த்தார்.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

ரயில் நிலைய டிக்கெட் கவுன்ட்டரின் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, முதன்முதலில் பேசியபோதும் அவள் அவனை சார் என்றுதான் கூப்பிட்டாள். டிக்கெட்டில் இருந்த எண்ணை உடைத்துச் சொல்லிவிட்டுத்தான் மீதிச் சில்லறையைக் கொடுத்தாள். மறுநாளும் போய் அதே வரிசையில் நின்றான், எந்த ஊருக்கும் போகிற வேலை இல்லாமல்.

“நாளைக்கு வேற ஒண்ணு கொண்டு வரேங்க,” என்றான்.