செண்பகத்துக்குப் பிடிக்காத வீடு

“இது ஊடா பாய்? வெள்ளைக்காரன் போனப்ப பூட்டினத இப்பதான் தொறக்கறீங்க போலக்கீதே!” புதுவாயல் ஊரில் விலை பேச வந்த ஓட்டு வீட்டுக்குள் நுழைந்ததுமே செண்பகம் ஆரம்பித்தாள்.

“ஒரு வருசமாத்தான் தங்கச்சி பூட்டிக் கெடக்கு” என்றார் வீட்டுக்காரர் அப்துல் ஜப்பார்.

“அவளுக்குப் புடிக்கல பாய். நான் கேட்ட வெலைன்னா சொல்லிப் பாக்கறேன்” என்று இழுத்தான் கணவன் சின்னதுரை. கல்யாணமானதிலிருந்து ஒண்டுக்குடித்தனம். அந்த விலையைத் தாண்டினால் இந்த ஜென்மத்தில் சொந்த வீடு கிடையாது.

நாஷ்டாக் கூடையோடு உள்ளே போன செண்பகம், வெகுநேரம் கழித்து இருமிக்கொண்டே வந்தாள். “சமையல்கட்டா இது? பொகை வெளியவே போவல. கண்ணு எரியுது!”

விலையில் இறங்கி வரவிருந்த ஜப்பார் நிமிர்ந்தார். “பூட்டிக் கெடந்த ஊட்ல ஏது தங்கச்சி பொகை?”

போய் எட்டிப் பார்த்தார். அடுப்பில் மஞ்சள் கட்டிய புதுப்பானை. பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

பின்னாலேயே வந்த சின்னதுரை தலையில் கைவைத்துக்கொண்டான். செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பேரம் முடியங்காட்டியும் குடியே வந்துட்டியா!” ஜப்பார் வயிறு குலுங்கச் சிரித்தார். “பால் பொங்கின ஊட்ட வேற எவனுக்கு விக்கிறது? உம் புருசன் கேட்ட வெலைக்கே எடுத்துக்க. எனக்கும் ஒரு டம்ளர் ஊத்து. சக்கரையிலயாவது பேரம் பேசாத!”